கஞ்சாவும் எலும்பும்: இரு செய்திகளை எடை போடுவோம்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகச் செய்தித்தாள்கள் பலவற்றில் ஒரு செய்தி வெளியாயிற்று. கஞ்சாச் செடியிலுள்ள ஒரு பொருள் முறிந்த எலும்பு நன்கு கூடத் துணை செய்கிறது என்பதே அச்செய்தி. ஓராண்டும் சில மாதங்களும் சென்றன. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மற்றொரு செய்தி வந்தது. கஞ்சாவை மிகுதியாகப் புகைப்போரின் எலும்பு அடர்த்தி குறைந்து காணப்படுகிறது, அவர்களுக்கு எலும்பு முறிவும் மிகுதியாக ஏற்படுகிறது என்றது இரண்டாம் செய்தி.

முதற் செய்தி இஸ்ரேல் நாட்டிலிருந்து வந்தது. இரண்டாவது ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. இரண்டும் புரளிகள் அல்ல. தேர்ந்த விஞ்ஞானிகள் செய்து, அத்துறையில் வல்ல பிறர் பரிசீலித்த பின்னர் ஆய்விதழ்களில் வெளியானவை அவை. அங்ஙனமாயின் எதை நம்புவது?

'விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை அதையே மறுப்பார்கள்' என்று கையை உதறுவோர் உண்டு. தமக்குப் பிடித்த செய்தியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, பிடிக்காததை மறந்துவிடுவோரும் உண்டு. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஆய்வுகளையே எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பொருளைக் கொடுத்தார்கள்? எந்த உயிருக்குக் கொடுத்தார்கள்? முடிவில் எதை அளந்தார்கள்? இம்மூன்று கேள்விகளையும் நாம் கையில் எடுத்துக்கொள்வோம்.

இது வெறும் அறிவுப் பயிற்சி அன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அதன் பின் எழுந்து நடமாடாத மூதாட்டியை அறியாத குடும்பம் அரிது. அத்தகைய ஒருவருக்கு எது மருந்து, எது மருந்தன்று என்பதைச் செய்தித் தலைப்பைப் பார்த்து முடிவு செய்தால் அதன் விலையை அவருடைய எலும்புதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓயாமல் நடக்கும் பழுதுபார்ப்பு

எலும்பு என்றதும் கல்லையோ மரத்தையோ போன்ற உயிரற்ற ஒரு பொருளாகவே பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது உயிருள்ள திசு. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது.

இப்பணியைச் செய்பவை இருவகைச் செல்கள். ஒரு வகை பழைய எலும்பை அரித்துக் கரைக்கிறது. இதனை எலும்பரிக்கும் செல் என்போம். மற்றொரு வகை அவ்விடத்தில் கொலாஜன் என்னும் புரத நாரை விரித்து, அதன் மீது சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் கலந்த தாதுப்பொருள் படியச் செய்கிறது. இதனை எலும்பாக்கும் செல் என்போம். பழைய சுவரை இடிக்கும் ஆளும் புதுச் சுவர் எழுப்பும் கொத்தனாரும் ஒரே வீட்டில் வேலை செய்வதைப் போன்றது இது. இருவர் வேகமும் ஒத்திருக்கும் வரை வீட்டுக்குக் கேடில்லை.

இளமையில் கொத்தனாரின் கை ஓங்கியிருக்கும். இருபத்தைந்து, முப்பது வயதளவில் எலும்பின் நிறை உச்சத்தை அடைகிறது. பின்னர் இடிப்பவரின் கை மெல்ல மெல்ல ஓங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைந்துவிடுகிறது. எலும்பரிக்கும் செல்களுக்குக் கடிவாளமாக இருந்த பொருள் அது. கடிவாளம் தளர்ந்ததும் எலும்பின் உட்பகுதி தேன்கூடு போல் நொய்ந்து போகிறது. இதுவே எலும்புப்புரை நோய். மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்றிடங்களிலும் இந்நோயாளிகளுக்கு எளிதில் முறிவு ஏற்படும்.

மொட்டைத் தலையும் முழங்காலும்

மூளையை மயக்கும் கஞ்சாவுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக இது தோன்றலாம். ஆனால் இங்கே அந்த முடிச்சு மெய்யாகவே இருக்கிறது.

கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால். இதைச் சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964ஆம் ஆண்டில் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெக்கூலம், யெஹியேல் காவோனி ஆகியோர் இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து இதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அதே செடியில் கன்னாபிடியால் என்னும் மற்றொரு பொருளும் உண்டு. இதன் அமைப்பு அதற்கு முந்தைய ஆண்டே தெளிவாகியிருந்தது. கன்னாபிடியால் போதை தருவதில்லை. இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் சேர்த்துக் கன்னாபினாய்டுகள் என அழைக்கிறோம்.

டி.எச்.சி. நம் செல்களில் எங்கே சென்று பற்றுகிறது என்ற கேள்விக்கு 1990இல் விடை கிடைத்தது. நரம்புச் செல்களின் மேற்புறத்தில் இதற்கென ஓர் ஏற்பி உண்டு. பூட்டில் சாவி பொருந்துவது போல இப்பொருள் அதில் பொருந்துகிறது. 1993இல் இரண்டாவது ஏற்பி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இது பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் உள்ளது. இவற்றை முதல் ஏற்பி, இரண்டாம் ஏற்பி என்றே இங்குக் குறிப்பிடுவோம். முதல் ஏற்பியைத் தூண்டினால் மயக்கம் வரும். இரண்டாம் ஏற்பியை மட்டும் தூண்டினால் மயக்கம் வராது.

ஒரு செடியின் சாவிக்காக நம் உடலில் பூட்டு இருப்பானேன்? உடல் தானே ஒரு சாவியைச் செய்துகொள்கிறது என்பதுதான் காரணம். 1992இல் மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் அத்தகைய முதல் மூலக்கூறு கண்டறியப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைடு. 'ஆனந்தம்' என்ற வடசொல்லே அதன் வேர். மூன்று ஆண்டுகளில் மற்றொரு மூலக்கூறும் தெரிய வந்தது. அதன் பெயர் 2-அரக்கிடோனைல் கிளிசரால்.

பின்னர் நடந்த ஆய்வுகளில் எலும்பாக்கும் செல்களிலும் எலும்பரிக்கும் செல்களிலும் இந்த ஏற்பிகள் காணப்பட்டன. எலும்புக்குள் செல்லும் பரிவு நரம்புகளின் நுனிகளிலும் முதல் ஏற்பி இருந்தது. அந்நரம்புகள் நார் அட்ரீனலின் என்னும் பொருளைச் சுரந்து எலும்பாக்கத்தைத் தடுக்கின்றன. உடல் செய்துகொள்ளும் கன்னாபினாய்டு நரம்பு நுனியிலுள்ள ஏற்பியைத் தூண்டும்போது இச்சுரப்பு குறைகிறது. தடை நீங்கி எலும்பு வளர்கிறது. தலையில் அடிபட்ட எலிகளில் எலும்பாக்கம் மிகுவதற்கு இது ஒரு காரணம் என 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்த்தீர்களா?

ஆயினும் ஒன்றை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்னது உடல் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவு சுரந்துகொள்ளும் பொருளின் கதை. புகையாக உள்ளே சென்று உடல் முழுவதும் பரவும் செடிப்பொருளின் கதை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் குழப்பங்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

இரு ஆய்வுக்கூடங்கள், இரு விடைகள்

எலும்பில் இந்த ஏற்பிகளின் பங்கை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் ரால்ஸ்டன் தலைமையில் இயங்கிய குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். முதல் ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றின் எலும்பு நிறை மற்றச் சுண்டெலிகளை விட மிகுதியாக இருந்தது. சூலகத்தை அகற்றினால் பெண் சுண்டெலிகளில் மாதவிடாய் நின்ற பெண்களைப் போன்றே எலும்பு தேயும். இவற்றில் அத்தேய்வு நிகழவில்லை. ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளைக் கொடுத்தபோதும் எலும்பு காக்கப்பட்டது. 2005இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் இம்முடிவுகள் வெளியாயின.

இதன் பொருள் என்ன? ஏற்பியை அடைத்தால் எலும்புக்கு நல்லது. அப்படியானால் ஏற்பியைத் தூண்டும் கஞ்சா நல்லதாக இருக்க முடியாது.

அடுத்த ஆண்டே எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இதாய் பாப் குழுவினர் வேறொரு விடையைத் தந்தனர். அவர்கள் நீக்கியது இரண்டாம் ஏற்பியை. அவ்வேற்பி இல்லாத சுண்டெலிகளுக்கு வயது ஏற ஏற எலும்பு விரைவாகத் தேய்ந்தது. அவ்வேற்பியை மட்டும் தூண்டும் செயற்கைப் பொருள் ஒன்றைச் சாதாரணச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, சூலகம் அகற்றியதால் ஏற்படும் தேய்வு குறைந்தது. இரண்டாம் ஏற்பியைத் தூண்டுவது எலும்புக்கு நல்லது என்பது இதன் கருத்து. அபர்டீன் குழுவினரோ இதே இரண்டாம் ஏற்பியை அடைக்கும் மருந்தும் எலும்பைக் காத்ததாக எழுதியிருந்தனர். இவ்விரு கூற்றுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன.

முதல் ஏற்பியிலும் சிக்கல் தோன்றியது. எருசலேம் குழுவினர் 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், முதல் ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் இரு இனங்களை ஒப்பிட்டனர். ஓர் இனத்தில் ஆண் சுண்டெலிகளின் எலும்பு நிறை மிகுந்திருந்தது. மற்ற இனத்தில் ஆண், பெண் இரண்டிலுமே குறைந்திருந்தது. நீக்கிய மரபணு ஒன்றுதான். இனம் மாறியதும் விளைவு தலைகீழாயிற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆனால் அந்த ஒரு சோறு அடுத்த வீட்டுப் பானைக்குப் பதம் சொல்லாது. சுண்டெலியின் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கே முடிவு பொருந்தவில்லை என்றால், அதிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவாகத் தாவலாமா?

2009இல் ரால்ஸ்டன் குழுவினர் மேலும் ஒரு செய்தியை வெளியிட்டனர். முதல் ஏற்பி இல்லாத அதே வகைச் சுண்டெலிகளை முதுமை வரை வளர்த்துப் பார்த்தபோது, இளமையில் உறுதியாக இருந்த எலும்பு முதுமையில் நொய்ந்து போயிற்று. எலும்பு மஜ்ஜையில் எலும்பாக்கும் செல்களாக வளர வேண்டியவை கொழுப்புச் செல்களாக மாறியிருந்தன. அதாவது இளமையில் எலும்புக்குப் பாதகமாகத் தோன்றிய ஏற்பி, முதுமையில் எலும்பின் காவலன் ஆகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் சொன்னதைத் தாமே திருத்தி முழுமையாக்கிய அவர்களுடைய நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 2005இன் ஆய்வை மட்டும் படித்தவர் பாதிக் கதையைத்தான் படித்தவர் ஆவார்.

மனிதரில் ஒரு தடயம் இல்லாமல் இல்லை. பிரான்சு நாட்டில் எலும்புப்புரை நோயுள்ள 168 பெண்களையும் அந்நோயற்ற 220 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. இரண்டாம் ஏற்பியின் மரபணுவில் காணப்பட்ட சில வேறுபாடுகளுக்கும் நோய்க்கும் தொடர்பிருப்பதாக அது கூறியது. எருசலேம் ஆய்வுக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆனால் ஏற்பிக்குப் பங்குண்டு என்பதைத்தான் இது காட்டும். கஞ்சா மருந்தாகும் என்பதைக் காட்டாது.

முதற் செய்தியின் குறை

இப்போது 2015ஆம் ஆண்டுச் செய்திக்கு வருவோம். எபிரேயப் பல்கலைக்கழகமும் டெல் அவிவ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு இது. எலிகளின் தொடை எலும்பை நடுவில் முறித்துப் பின் அவற்றுக்குக் கன்னாபினாய்டுகளைச் செலுத்தினர். சிலவற்றுக்குக் கன்னாபிடியால் மட்டும், சிலவற்றுக்கு டி.எச்.சி. மட்டும், சிலவற்றுக்கு இரண்டும் கலந்து கொடுக்கப்பட்டன. எட்டு வாரங்களுக்குப் பின் கூடிய எலும்பை எடுத்து, எவ்வளவு பளு தாங்கிய பின் அது மீண்டும் முறிகிறது என்று அளந்தனர். கன்னாபிடியால் பெற்ற எலிகளின் எலும்பு மிகுந்த பளுவைத் தாங்கிற்று.

காரணத்தையும் அவர்கள் தேடிக் கண்டனர். முறிவைச் சுற்றி உருவான புது எலும்பின் அடர்த்தி கூடவில்லை. ஆனால் கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைப்பதில் பங்குகொள்ளும் ஒரு நொதியின் உற்பத்தியைக் கன்னாபிடியால் தூண்டியிருந்தது. செங்கற்களின் எண்ணிக்கை கூடவில்லை; அவற்றைப் பிணைக்கும் சாந்து வலுப்பெற்றது எனலாம். நேர்த்தியான ஆய்வு என்பதில் ஐயமில்லை.

நம் மூன்று கேள்விகளை இங்கே கேட்போம்.

எந்தப் பொருள்? தூய கன்னாபிடியால். டி.எச்.சி.க்குத் தனியே அந்நற்பயன் இல்லை. இதை விட முக்கியமான ஒன்றும் அவ்வாய்வில் உண்டு. இரண்டையும் கலந்து கொடுத்த எலிகளில், எட்டாம் வாரத்தில், கன்னாபிடியாலின் நற்பயனை டி.எச்.சி. மட்டுப்படுத்தியது. கஞ்சாவைப் புகைப்பவன் உள்ளே இழுப்பது இந்தக் கலவையைத்தான். போதைக்காக விற்கப்படும் கஞ்சாவில் டி.எச்.சி.யே மிகுதி, கன்னாபிடியால் சொற்பம். ஆகவே 'கஞ்சா எலும்பைக் கூட்டும்' என்று தலைப்பிட்டவர்கள் ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொன்னதோடு, ஆய்வு சுட்டியதற்கு ஏறத்தாழ மாறானதையே சொல்லிவிட்டார்கள். இதில் ஆய்வாளர் மீது பழியில்லை. போதைப் பொருளையும் போதையற்ற பொருளையும் அவர்கள் தெளிவாகவே பிரித்துக் காட்டியிருந்தனர்.

எந்த உயிர்? எலி. நல்ல உடல்நலத்துடன் இருந்த, புதிதாக எலும்பு முறிக்கப்பட்ட எலி. முதுமையால் எலும்பு நொய்ந்த மனிதர் அல்லர்.

எதை அளந்தார்கள்? கூடிய எலும்பு தாங்கும் பளுவை. எலும்பு முறியாமல் காக்கப்பட்டதா என்பதை அவர்கள் அளக்கவில்லை. அது அவர்களுடைய கேள்வியும் அன்று. ஆனால் படித்தவர்களில் பலர் அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிட்டனர்.

இரண்டாம் செய்தியின் குறை

கஞ்சாவை வெறுப்பவர்களுக்கு இரண்டாம் செய்தி இனித்திருக்கும். அதையும் அதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்த இவ்வாய்வை வழிநடத்தியவர் நாம் முன்பே சந்தித்த ரால்ஸ்டன்தான். தொடர்ந்து கஞ்சா புகைக்கும் 170 பேரையும், சிகரெட் மட்டும் புகைக்கும் 114 பேரையும் ஒப்பிட்டனர். எக்ஸ் கதிர் கொண்டு அவர்களுடைய எலும்பின் தாது அடர்த்தியை அளந்தனர். வாழ்நாளில் 5,000 முறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களை மிகுதியாகப் பயன்படுத்துவோர் என வகுத்தனர். இவர்களுடைய எலும்பு அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு முறிவு இரு மடங்குக்குச் சற்று மேலாக இருந்தது. அளவாகப் பயன்படுத்தியோரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை.

ஒப்பீட்டுக்குச் சிகரெட் புகைப்போரை எடுத்துக்கொண்டது இவ்வாய்வின் சிறப்பு. புகையிலையும் எலும்புக்குக் கேடு செய்வது. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டிருந்தால் புகையிலையின் கேடும் கஞ்சாவின் கணக்கில் ஏறியிருக்கும்.

குறை எங்கே? மிகுதியாகப் பயன்படுத்தியோரின் உடல் எடை குறைவாக இருந்தது. வைட்டமின் டி அளவும் குறைவாக இருந்தது. இவ்விரண்டுமே எலும்பை மெலியச் செய்பவை. கஞ்சாவே நேராக எலும்பைத் தாக்கியதா, எடையைக் குறைத்து அதன் வழியாகத் தாக்கியதா, அன்றி அவர்களுடைய உணவும் வாழ்க்கை முறையும் காரணமா? இரு வழிகளிலும் பாதிப்பு இருக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. கணக்கியல் முறையில் பிரித்துப் பார்த்தே அவர்கள் அம்முடிவுக்கு வந்தனர். ஆயினும் ஒரே காலத்தில் ஒரு முறை அளந்து பார்த்த ஆய்வு, எது முன் எது பின் என்று காட்டவல்லதன்று. தொடர்பைக் காட்டுவது வேறு. காரணத்தை நிறுவுவது வேறு.

மேலும் ஒரு கணக்கைப் பார்ப்போம். அந்த ஆய்வில் மிகுதியாகப் பயன்படுத்தியோர் சராசரியாக 47,000 முறைக்கு மேல் புகைத்தவர்கள். நாளொன்றுக்கு நான்கு முறை வீதம் முப்பது ஆண்டுகள் விடாமல் புகைத்தாலும் 43,800 முறைதான் ஆகும். இத்தகையோரிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது.

அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு இதை உணர்த்துகிறது. 2007 முதல் 2010 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 20 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட 4,743 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, கஞ்சாப் பழக்கத்துக்கும் எலும்பு அடர்த்திக்கும் தொடர்பே காணப்படவில்லை. 2017இல் இது வெளியாயிற்று. எடின்பரோ ஆய்வை இது பொய்யாக்கிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். இவ்வாய்வில் மிகுதி என்பதற்கு வைத்த அளவுகோல் என்ன தெரியுமா? கடந்த முப்பது நாட்களில் ஐந்து நாட்களோ அதற்கு மேலோ புகைத்திருந்தால் போதும். ஒருவர் முழம் போட்டு அளந்ததை மற்றவர் காதக் கணக்கில் அளந்திருக்கிறார். இரண்டிலும் எழுதியிருப்பது 'மிகுதி' என்ற ஒரே சொல். சொல் ஒன்றானதால் பொருளும் ஒன்று என எண்ணுவது ஆய்வுகளைப் படிப்போர் அடிக்கடி செய்யும் பிழை.

மருந்து என்று எப்போது சொல்லலாம்?

ஒரு பொருளை எலும்புக்கு மருந்து என்று சொல்ல எவ்வளவு சான்று வேண்டும்? இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு.

அலென்ட்ரோனேட் என்னும் மருந்து எலும்பரிக்கும் செல்களைக் கட்டுப்படுத்துகிறது. 1996இல் 'லான்செட்' இதழில் அதன் சோதனை முடிவு வெளியாயிற்று. முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு கண்ட, மாதவிடாய் நின்ற 2,027 பெண்கள் அதில் பங்கு கொண்டனர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. மூன்றாண்டுகள் இது நடந்தது. முடிவில் எக்ஸ் கதிர்ப் படங்களில் புதிய முதுகெலும்பு முறிவு வெற்று மாத்திரை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும், மருந்து பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. இடுப்பெலும்பு முறிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நம் மூன்று கேள்விகளும் இங்கே எவ்வளவு எளிதாக விடை பெறுகின்றன என்று பாருங்கள். பொருள் ஒன்று, அளவு குறிக்கப்பட்டது. உயிர் மனிதர்; அதிலும் அந்நோயுள்ள பெண்கள். அளந்தது எலும்பு முறிவையே. கன்னாபினாய்டு எதுவும் இத்தகைய சோதனையைக் கடந்து எலும்புப்புரை நோய்க்கு மருந்தாக இன்றுவரை நிலைபெறவில்லை.

கடக்க முடியாது என்று நாம் சொல்லவில்லை. இரண்டாம் ஏற்பியை மட்டும் தூண்டும் பொருள் மயக்கம் தராமல் எலும்பைக் காக்கக்கூடும். கன்னாபிடியால் இவ்விரு ஏற்பிகளையும் அதிகம் நாடாமல், ஜி.பி.ஆர்.55 என்னும் வேறோர் ஏற்பி வழியாக எலும்பரிப்பைக் குறைக்கிறது என்று 2009இல் சுண்டெலி ஆய்வொன்று காட்டியது. இவையெல்லாம் நம்பிக்கை தருபவை. ஆனால் நம்பிக்கை தரும் பாதையில் பள்ளங்களும் உண்டு. முதல் ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து உடல் பருமனைக் குறைக்க 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றியதால் 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்த ஏற்பி எலும்பில் மட்டுமா இருக்கிறது? மூளை முழுதும் அல்லவா இருக்கிறது! எலும்பை நோக்கி எய்த அம்பு வழியில் எதையெல்லாம் துளைக்கும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வாசகர் செய்ய வேண்டியது

முதியவர் ஒருவர் எலும்பு முறிவதற்கு எலும்பின் மெலிவு பாதிக் காரணம் என்றால், கீழே விழுவது மறுபாதிக் காரணம். டி.எச்.சி. தலைசுற்றலை உண்டாக்கும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும், கால் தடுமாறச் செய்யும். எலும்பைக் காக்கும் என எண்ணி அதை நாடும் முதியவர் விழுவதற்கான வழியைத் தேடிக்கொள்கிறார். இதை அறிய எலியை ஆராய வேண்டிய தேவையே இல்லை.

இளைஞருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. எலும்பின் சேமிப்பு முப்பது வயதுக்குள் முடிந்துவிடுகிறது. பின்னர் செலவுதான். சேமிக்கும் பருவத்தில் உடல் எடையையும் உணவையும் குலைக்கும் எந்தப் பழக்கமும், ஏற்பியின் வழியாக ஆனாலும் பசியின் வழியாக ஆனாலும், அந்தச் சேமிப்பில் கை வைக்கிறது.

எலும்புக்கு உறுதி தருபவை இன்றும் பழையவையே. சுண்ணாம்புச் சத்துள்ள பால், கேழ்வரகு, கீரை, எலும்போடு உண்ணும் சிறு மீன், தோலில் படும் வெயில், நடை, பளு தூக்கும் உழைப்பு, புகையிலையை விட்டொழித்தல், தேவைப்படும்போது அடர்த்தியை அளந்து மருத்துவர் தரும் மருந்து. இவற்றுள் எதுவும் செய்தித்தாளின் தலைப்பாக வராது.

கன்னாபினாய்டு ஆராய்ச்சி நமக்குக் கற்றுத் தந்தது சிறிதன்று. மூளையும் எலும்பும் ஒரே மூலக்கூறு மொழியில் பேசிக்கொள்கின்றன என்பதை நூறாண்டுக்கு முன் யாரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்த அறிவின் பெருமையைச் செடியின் தலையில் சூட்டுவதுதான் தவறு. அடுத்த முறை இது போன்ற செய்தி உங்கள் கண்ணில் படும்போது தலைப்போடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பொருள், எந்த உயிர், எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அச்செய்தியை வீட்டுப் பாட்டியிடம் மருந்துச் சீட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.